எலி குடித்தனம் நடத்திய ரேடியேட்டர்

பழைய காடி: வாசகர் கேள்வி, நம் பதில்

இந்த முறை வந்த கடிதங்களை விரித்து வைத்துப் பார்த்தால் எல்லாமே எலியைச் சுற்றித்தான் ஓடுகின்றன. பிள்ளையாரின் வாகனம் நம் வாகனத்தை விடுவதாக இல்லை. முதல் கடிதம் கொஞ்சம் நீளம், அதற்கான பதிலும் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் அப்பா 1960-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 மோட்டார் காடி ஒன்று வைத்திருந்தார். அவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. காடி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் போர்வைக்குள் கிடந்தது. போன வாரம் பானட்டைத் திறந்தால், முன் கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கூடையளவு எலிக்கூடு. பழந்துணி, பிளாஸ்டிக் பை, காய்ந்த இலை, கோழித் தீவனம் எல்லாம் அதில் இருந்தன. கூட்டை எடுத்துப் போட்டேன். ரேடியேட்டரின் ஒரு பக்கத்துத் தகடுகள் நசுங்கிக் கிடக்கின்றன, அடிப்பகுதியில் நீலமும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறது, மேல் ரப்பர் ஹோஸில் விரல் நுழையும் ஓட்டை. நாற்றம் சொல்லி முடியாது. வந்து பார்த்த பட்டறைக்காரர், "இதைத் தூக்கிப் போடுங்க, கஞ்சில் காடியோட ரேடியேட்டர் ஒண்ணு மாட்டித் தர்றேன், செலவு கம்மி" என்கிறார். அப்பா ஞாயிறு தவறாமல் மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்த ரேடியேட்டர் அது. தூக்கிப் போட மனம் வரவில்லை. காப்பாற்ற முடியுமா? – வாசகி, ஜெலுத்தோங்

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் ரேடியேட்டரைப் பேசுவதற்கு முன்னால் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டை எடுத்துப் போட்டேன் என்கிறீர்கள், எதைக் கொண்டு எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. வெறுங்கையால் என்றால், அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், கடுமையான தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஏதாவது வந்தால் பனடோல் போட்டுப் படுத்துவிடாதீர்கள். கிளினிக்குக்குப் போய், எலிக்கூட்டைத் தொட்டேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள், டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கென்சிங் திக்குஸ் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த லெப்டோஸ்பைரோசிஸ் எலி மூத்திரத்தில் இருந்துதான் வருகிறது, விரலில் சின்னக் கீறல் இருந்தால் போதும்.

மிச்சம் இருக்கும் குப்பைக்கு ரப்பர் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். துடைப்பத்தால் பெருக்கவும் வேண்டாம், வாக்குவமும் வேண்டாம், காய்ந்த புழுக்கை தூளாகி மூக்குக்குள் போகும். முதலில் நனைக்க வேண்டும். கொட்டகைத் தரைக்குக் குளோராக்ஸ் மாதிரி ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு காகிதத்தால் வாரி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். எலி மூத்திரத்தில் அமோனியா இருக்கிறது, ப்ளீச் அதோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் புகை கிளம்பும், அதனால் கொட்டகைக் கதவை அகலத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ரேடியேட்டர் மேலே ப்ளீச் வேண்டவே வேண்டாம், செம்பையும் பித்தளையையும் அரிக்கும். அதற்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரும் கொஞ்சம் டெட்டாலும் போதும்.

சரி, இப்போது ரேடியேட்டர். உங்களுடைய மோரிஸ் மைனரில் இருப்பது அந்தக் காலத்துச் சரக்கு. பித்தளைக் குழாய், செம்புத் தகடு, மேலேயும் கீழேயும் பித்தளைத் தொட்டி, எல்லாவற்றையும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் ஒட்டியிருப்பார்கள். இப்போது வருகிற அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ரேடியேட்டர் உடைந்தால் வீசுவதுதான் வழி, இதைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைக்கலாம். அறுபது வருடத்துக்கு முன்னால் செய்தவன் பழுது பார்ப்பதற்கென்றே செய்து வைத்திருக்கிறான்.

நசுங்கிய தகட்டையும் கடிபட்ட ஹோஸையும் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். நான் பயப்படுவது அந்தப் பச்சைப் பொடிக்கு. எலியின் பல்லைவிட மூத்திரம்தான் செம்புக்கு எமன். மூத்திரத்தில் இருக்கும் யூரியா சிதைந்து அமோனியா ஆகிறது, அது நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு சேர்ந்து செம்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். பித்தளைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வளைத்தும் இழுத்தும் செய்த பித்தளையில் உள்ளே ஒரு இறுக்கம் தங்கியிருக்கும், அமோனியா பட்டால் அந்த இடத்தில் மயிரிழை மாதிரி விரிசல் விடும். வெள்ளைக்காரன் காலத்து இந்தியாவில் இது பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது. மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டுப் பிளந்திருக்கின்றன. குதிரை மூத்திரத்தில் இருந்து வந்த அமோனியாதான் காரணம் என்று 1921-இல்தான் தெளிவாக விளக்கினார்கள். உங்கள் கொட்டகையும் ஒரு சின்ன லாயம்தான், குதிரைக்குப் பதில் எலி.

அதனால் ரேடியேட்டரைக் காடியில் இருந்து கழற்றித்தான் ஆக வேண்டும், மாட்டியபடியே கழுவினால் பாதிதான் கழுவியதாகும். ஆறு வருடத்துப் பழைய தண்ணீர் உள்ளே இருந்தால் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து ஒரு வாளியில் பிடியுங்கள், முற்றத்தில் ஓடவிடாதீர்கள். அதில் கூலன்ட் கலந்திருந்தால் இனிப்பாக இருக்கும், தெருப்பூனை நக்கினால் செத்துப்போகும்.

கழற்றியதும் முதல் கழுவல் சோப்புத் தண்ணீரில். தோட்டத்துக் குழாயைச் சாதாரண வேகத்தில் வைத்து இன்ஜின் பக்கத்தில் இருந்து கிரில் பக்கமாகத் தண்ணீர் விடுங்கள், குப்பை வந்த வழியே வெளியே போகட்டும். காடி கழுவும் கடையில் இருக்கும் அந்த ஜெட் துப்பாக்கி மட்டும் கூடவே கூடாது. இது சொந்த அனுபவம். பல வருடத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்டின் ரேடியேட்டரை அவசரத்தில் ஜெட்டால் அடித்தேன், ஒரு நிமிடத்தில் தகடு முழுக்கக் காற்றில் சாய்ந்த நெற்பயிர் மாதிரி படுத்துவிட்டது. நிமிர்த்துவதற்கு மூன்று சாயங்காலம் பிடித்தது, நான் வாங்கிய திட்டு வேறு.

இடுக்கில் சிக்கிய நூலையும் துணியையும் எடுக்கச் சாத்தே குச்சிதான் சரியான ஆயுதம், இரும்புக் கம்பி குழாயைக் கீறும். ஈர்க்குச்சியும் நல்லது. நசுங்கிய தகடுகளை நிமிர்த்த ஏர்கோன் பழுது பார்ப்பவர்களிடம் சீப்பு மாதிரி ஒரு சாமான் இருக்கும், தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு நாள் இரவல் கேளுங்கள். இல்லாவிட்டால் தட்டையான முனையுள்ள சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம், டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலைதான். ஒன்றிரண்டு கிழிந்துபோனால் பரவாயில்லை, தகட்டுக்குள் தண்ணீர் ஓடுவதில்லை, அது சூட்டைக் காற்றுக்குக் கடத்துவதற்காக இருப்பது.

பச்சைப் பொடி இருக்கும் இடத்துக்குச் சித்ரிக் அமிலம் வாங்குங்கள், கேக் சாமான் கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஐம்பது கிராம் போட்டுக் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தடவிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒரு அலசு, அப்புறம் நல்ல தண்ணீரால் நன்றாக இன்னொரு அலசு. கக்கூஸ் கழுவும் திராவகத்தை ஊற்றினால் பளபளப்பாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், அது பற்றாசையும் பித்தளையையும் சேர்த்தே தின்றுவிடும். ப்ளீச் பட்ட இடத்தில் எந்த அமிலமும் படக்கூடாது, குளோரின் வாயு வரும், அது விளையாட்டில்லை. பற்றாசில் ஈயம் இருப்பதால் காய்ந்த நிலையில் அரம் போட்டுத் தேய்க்காதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், முடித்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள்.

இப்போதுதான் முடிவு எடுக்கிற இடத்துக்கு வருகிறோம். கழுவிக் காய்ந்த ரேடியேட்டரை வெயிலில் வைத்துப் பச்சை பூத்திருந்த இடத்தில் தகட்டை நகத்தால் மெதுவாக நெருடிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் உயிர் இருக்கிறது. அப்பளம் மாதிரி நொறுங்கினாலோ, குழாயை விட்டுப் பிரிந்து ஆடினாலோ, அந்தப் பகுதி ஒழுகாவிட்டாலும் செத்த பகுதிதான். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒழுகவில்லை, அதனால் நல்ல ரேடியேட்டர் என்று மாட்டிவிடுவார்கள், அப்புறம் பினாங்குப் பாலத்து நெரிசலில் நடுக்கடலுக்கு மேலே நின்று ஆவி விடும். உள்ளங்கை அளவு நொறுங்கினால் ஓட்டிப் பார்க்கலாம், மூன்றில் ஒரு பங்கு போயிருந்தால் நடுப்பகுதியையே புதிதாகப் போட வேண்டும். ரீகோர் என்று கடையில் சொல்வார்கள். மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும் அப்பாவுடையதாகவே இருக்கும்.

விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதற்குக் கடையில் இரண்டு வாயையும் அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். எவ்வளவு அழுத்தம் வைக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியில் ஒரு எண் இருக்கும். 7 என்று போட்டிருந்தால் 7 பிஎஸ்ஐ, அதற்கு மேல் அடித்தால் நல்ல பற்றும் விட்டுவிடும். ஒன்றிரண்டு குழாய் ஓட்டை என்றால் இரண்டு முனையையும் அடைத்துப் பற்றவைத்துவிடலாம், நாலைந்துக்கு மேல் போனால் நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது. அதோடு மேல் தொட்டியைக் கழற்றிக் குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பு எடுக்கவும் சொல்லுங்கள், ஆறு வருடத்துத் துரு உள்ளே உட்கார்ந்திருக்கும். பற்றாசு வேலை தெரிந்த கை இப்போது குறைவு. காடிக் கடையில் முடியாது என்றால் லோரிக்கும் புல்டோசருக்கும் ரேடியேட்டர் செய்கிற கடையில் கேளுங்கள், பிறை ஊர்ப் பக்கம் போய் விசாரிக்கலாம். வேலைக்கு முன்னால் எத்தனை வெள்ளி என்று பேசிவிடுங்கள். கடைசியில் கருப்பு பெயின்ட் அடிப்பார்கள், மெல்லிசாக ஒரே பூச்சு என்று சொல்லுங்கள், தடிமனாக அடித்தால் கம்பளி போர்த்தின மாதிரி சூடு உள்ளேயே நிற்கும்.

கஞ்சில் ரேடியேட்டர் யோசனை தப்பு என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன், ஓடுகிற காடிகள் இருக்கின்றன. ஆனால் அது 660, 850 சிசி இன்ஜினுக்கும் கரண்டு ஃபேனுக்கும் செய்தது, உங்களுடையது பெல்ட்டில் சுற்றும் ஃபேனோடு 948 சிசி. ஹோஸ் வாய் வேறு இடத்தில் இருக்கும், மாட்டுவதற்கு முன்பக்கத்தை வெட்டுவார்கள், வெட்டியதை ஒட்ட முடியாது. மூடியின் அழுத்தமும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, பழைய வாட்டர் பம்பும் ஹோஸும் அந்த அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. செலவு கம்மி என்பதும் இன்றைக்கு மட்டும்தான். உங்களுடையது ரீகோருக்கும் தேறாவிட்டால், மோரிஸ் மைனருக்குப் புது ரேடியேட்டர் பிரிட்டனில் இன்னும் செய்து விற்கிறார்கள், கப்பல் கூலி சேர்த்தாலும் முன்பக்கத்தை வெட்டாமல் மாட்டலாம்.

மாட்டும்போது மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டர் இருந்தால் அதன் ஹோஸ் என்று எல்லாமே புதிது போடுங்கள், ஒன்றைக் கடித்தது மற்றதை விட்டிருக்காது. சாவியைத் திருப்பும் முன் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, துணி சுற்றிய அந்தப் பழைய வயர்களையும் பெட்ரோல் குழாயையும் டார்ச் அடித்து முழுக்கப் பாருங்கள். மோரிஸ் மைனரில் பியூஸ் இரண்டே இரண்டுதான், பாதி வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. ஏர் ஃபில்டர் டப்பாவையும் திறந்து பாருங்கள், எலிக்கு அது பங்களா.

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்க்கும்போது முதல் வாரம் ஜெலுத்தோங்கைச் சுற்றி மட்டும். சூடு ஏறவில்லை என்றால் ஆயர் ஈத்தாமில் இருந்து பாலிக் புலாவ் போகிற மலைப்பாதையில் காலை நேரத்தில் மெதுவாக ஏற்றுங்கள். அதில் ஆவி விடாமல் ஏறினால் அப்பாவின் ரேடியேட்டர் தேறிவிட்டது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள் என்று அப்பா சொல்லித்தான் இருப்பார்.

அப்புறம், கோழித் தீவனத்தைக் கொட்டகையை விட்டு எடுத்துவிடுங்கள். எலி மோரிஸ் மைனருக்காக வரவில்லை, சாப்பாட்டுக்கு வந்தது, பக்கத்திலேயே வீடு காலியாக இருந்தது.

கேள்வி: ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போட்டால் நின்றுவிடும் என்று என் மாமா சத்தியம் செய்கிறார். உண்மையா? – வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: நின்றுவிடும், மாமா பொய் சொல்லவில்லை. இந்தியாவில் லோரிக்காரர்கள் வழியில் கையாளும் பழைய வைத்தியம் அது. தூள் ஊறி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், மிளகுத்தூளும் முட்டை வெள்ளையும் அப்படித்தான். ஆனால் அது ஓட்டை எது, நல்ல குழாய் எது என்று பார்த்து அடைப்பதில்லை. வீடு வந்து சேர்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்ததும் அன்றே அலசி எடுத்துவிட்டுப் பற்றவைக்கக் கொடுங்கள். பலமுறை மஞ்சள் போட்ட ஒரு ரேடியேட்டரைத் திறந்து பார்த்திருக்கிறேன், சாம்பார் சட்டி தோற்றது.

கேள்வி: நம் ஊரில் பனியே கிடையாது, கூலன்ட் எதற்கு? ஏர்கோனில் சொட்டும் தண்ணீர் சுத்தம்தானே, அதையே ஊற்றினால் என்ன? – வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலை, துருப்பிடிக்காமல் காப்பது இன்னொரு வேலை. நமக்கு வேண்டியது இரண்டாவது. வெறும் தண்ணீர் இரும்பு இன்ஜினைத் துருவாக்கி அந்தத் துருவை ரேடியேட்டரில் கொண்டு போய்ச் சேர்க்கும். ஏர்கோன் தண்ணீரில் உப்பு இல்லை என்பது சரி, ஆனால் அது தூசியும் பாசியும் படிந்த தட்டைக் கழுவிக்கொண்டு வருகிறது. ஒரு போத்தல் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கப் பஞ்சமா? பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டருக்குப் பழைய வகைக் கூலன்ட் கேட்டு வாங்குங்கள். நீண்ட நாள் உழைக்கும் புது வகைகளில் சில ஈயப் பற்றாசுக்கும் பழைய சீலுக்கும் ஒத்துவருவதில்லை. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், போத்தலின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

கேள்வி: பானட்டுக்குள் எலி மருந்து வைக்கலாமா, பாச்சை உருண்டை போடலாமா? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மருந்து வேண்டாம். தின்ற எலி ஹீட்டர் குழாய்க்குள் போய்ச் செத்தால் டேஷ்போர்டைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும், அதுவரை அந்தக் காடியில் நீங்கள் உட்கார முடியாது. பாச்சை உருண்டை எலியை விரட்டுவதைவிட ஓட்டுபவரை விரட்டும், அந்தப் புகையும் உடம்புக்கு ஆகாது. கூண்டோ அடிபொறியோ சுவரோரமாகத் தரையில் வையுங்கள். நிறுத்தி வைத்த காடி என்றால் பானட்டைத் திறந்தே வையுங்கள், வெளிச்சமும் காற்றும் இருக்கும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். முன் கிரில்லுக்குக் கம்பி வலை வைப்பதானால் கண் ஆறு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், ஓட்டும் முன் மறக்காமல் கழற்றுங்கள். கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு, கூரிய மூக்கோடு, கஸ்தூரி மாதிரி ஒரு வாடையோடு ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை, பூச்சி தின்பது, வயரைக் கடிக்காது, அதை அடிக்க வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1967 வோக்ஸ்வேகன் பீட்டில். ரேடியேட்டரே இல்லாத காடி, எலித் தொல்லையில் இருந்து தப்பித்தேன் என்று நண்பர்களிடம் பெருமையடிக்கலாமா? – வாசகர், தஞ்சோங் பூங்கா

பதில்: அடிக்காதீர்கள். உங்கள் காடியில் தண்ணீருக்குப் பதில் காற்றுதான் இன்ஜினைக் குளிர்விக்கிறது, அந்தக் காற்றை வாங்கி சிலிண்டர் மேலே ஊதும் ஃபேன் கூட்டுக்குள்தான் எலிக்குப் பிடித்த இருட்டும் கதகதப்பும் இருக்கிறது. அங்கே ஒரு கைப்பிடி துணியும் சருகும் சேர்ந்தால் ஒரு சிலிண்டருக்குக் காற்றே போகாது. மோரிஸ் மைனராவது ஆவி விட்டுக் காட்டிக்கொடுக்கும், சூடு காட்டும் முள்கூட இல்லாத பீட்டிலில் வால்வு எரிந்த பிறகுதான் தெரியும். கூடு காய்ந்து தீப்பிடித்தால் அதைவிட மோசம், பெட்ரோல் குழாய் பக்கத்திலேயே ஓடுகிறது. கொஞ்ச நாள் ஓட்டாமல் விட்டிருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் பின் மூடியைத் திறந்து, ஃபேன் காற்று இழுக்கும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வைக்கோல் ஒரு இழை தெரிந்தாலும் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஃபேன் கூட்டைக் கழற்ற ஆளைக் கூப்பிடுங்கள்.